மேல் டிவிசன் பாதை யாருடையது? பிரதேச சபை உறுப்பினரிடம் கேள்விகள்

2025 மே 6 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் ஒரு பிரதேச சபைக்குத் தெரிவானவள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். சபை அண்மையில் எடுத்த முடிவுகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். இவை சபையின் கருத்து அல்ல, என்னுடையவை.

அக்கா, நம் தோட்டத்தின் மேல் டிவிசன் பாதையைப் போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். இப்போது "அது தோட்டத்துப் பாதை" என்று சபையில் கைவிரிக்கிறார்களே?

சொன்னது உண்மை, தம்பி. ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி தரப் பாதைகள் மாகாண சபையிடம், ஊர்ப்பாதைகள் எங்களிடம். தோட்டத்துக்குள் இருக்கும் பாதை இதில் எதிலும் சேராமல் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, "தோட்டத்துக்குள் சபை பணம் செலவிட முடியாது" என்று முப்பது வருடங்கள் சொல்லி வந்தார்கள். நம் வாக்கில் வந்த சபையின் கொங்கிரீட், தோட்டத்து எல்லையோடு நின்றுவிடும். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டத்து மக்களுக்கும் சபை வேலை செய்ய வழி திறந்தாயிற்று. இன்றும் பழைய பதிலைச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

போன மழைக்காலத்தில் அந்த மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆட்டோ ஏறவில்லை. கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நான் டோர்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்து வளைவில் ஒருவருடைய கால் சேற்றில் புதைந்தது. காலை இழுத்தார், செருப்பு வரவில்லை. மீதி வழியெல்லாம் வெறுங்காலோடு வந்தார். தாயும் சேயும் நலம். ஆனால் அந்த வளைவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பாதையை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கும்படி பிரேரணை கொண்டுவந்தேன். தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதம் வரட்டும் என்று ஒத்திவைத்தார்கள். கடிதம் கேட்பது நியாயம். அதை வாங்கி வரும் வேலையைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு தோட்டத் துரையின் வாசலில் போய் அவர்கள் எத்தனை நாள் நிற்பார்கள்? நிர்வாகத்துக்கு எழுத வேண்டியது சபை.

கடைகளுக்குக் குப்பைக் கட்டணத்தைக் கூட்டியபோது நீங்களும் கை தூக்கினீர்களாமே? – ஒரு கடைக்காரர்

தூக்கினேன், அண்ணன். நம் ஓடையில் போடும் குப்பைப் பை எங்கே போகிறது என்று பாருங்கள். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீர். நம் லயங்களில் பீலித் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கும் வீடுகளும் உண்டு. குப்பை குவிந்தால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை லயத்து வாசலுக்கு வரும். ஒன்று மட்டும் வலியுறுத்தினேன்: கட்டணம் கூடினால் வண்டி சொன்ன நாளில் வர வேண்டும். வராத வாரத்தின் திகதியை எழுதி எனக்குத் தாருங்கள்.

சபைகளைப் பிரித்ததால் என்ன நன்மை?

2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே சபைகள் பெரும் பரப்பைப் பார்த்தன. இப்போது கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும் சேர்ந்து ஆறு. ஒரு மரணச் சடங்குக்கு மின்குமிழ் கேட்கக்கூட சபைக்குப் போய்வந்து ஒரு நாள் சம்பளத்தை இழந்த காலத்தை நினைத்தால், அது நல்ல முடிவுதான்.

டித்வா புயலில் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. அதே இடத்தில் திருத்திக் கட்ட சபை அனுமதி மறுக்கிறது. நாங்கள் எங்கே போவது?

அம்மா, இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று சொன்ன சரிவில் அனுமதி கொடுத்தால், அடுத்த மழையில் அந்தக் கையெழுத்துக்கு யார் பதில் சொல்வது? ஆனால் "இங்கே கட்டாதே" என்று சொல்லிவிட்டு, "இங்கே கட்டு" என்று காட்ட சபையிடம் நிலம் இல்லை. தோட்டத்து நிலம் அரசினுடையது. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே மறுப்புக் கடிதம் போகும் அதே நாளில், மாற்று நிலம் கேட்டு பிரதேச செயலாளருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உங்கள் மறுப்புக் கடிதத்தின் பிரதியைத் தொலைத்துவிடாதீர்கள். வெடிப்புகளைப் படம் எடுத்து வையுங்கள்.

சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறதே?

தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். அது அரசியலமைப்பு தந்த உரிமை.

எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய பணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு மாணவி

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. சபையின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. "எவ்வளவு செலவானது" என்று பொதுவாகக் கேட்காமல், வேலையின் பெயர், வருடம், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை என்று பிரித்துக் கேளுங்கள், தங்கச்சி. ஏற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள். மேல் டிவிசன் பாதைக்காக நிர்வாகத்துக்குச் சபை கடிதம் அனுப்பியதா, எந்தத் திகதியில் அனுப்பியது என்பதையும் அதே தாளில் கேட்டுவிடுங்கள்.