விலைப்பட்டியலைப் பதிவாகப் போடாதீர்கள்

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். பிளாகரில் வலைப்பூ இருக்கிறது. புதிதாக எழுதினால் விலைப்பட்டியல் கீழே போய்விடுகிறது. பழைய விலையைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் வாதாடுகிறார்கள். தனியாக வலைத்தளம் வேண்டுமா?

பதில்: இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். விலைப்பட்டியலைப் பதிவாகப் போட்டதுதான் சிக்கல். வலைப்பூ தேதியை வைத்து ஓடுவது. புதியது மேலே வரும். பழையது இறங்கினாலும் அழியாது, கூகுளில் தேடினால் வந்து நிற்கும். வழக்கமான வலைத்தளத்தில் ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம்தான். விலை மாறினால் அங்கேயே திருத்துவார்கள், பக்கத்தின் இணைய முகவரி மாறாது. பிளாகரிலும் இந்த இரண்டும் உண்டு: தேதிப்படி ஓடும் பதிவு 'போஸ்ட்', நிலையான பக்கம் 'பேஜ்'.

புதியது வந்ததும் பழையது செல்லாது என்றால் அது பேஜ்: விலை, கடை நேரம், டெலிவரி விவரம். பழையதும் பயன்படும் என்றால் போஸ்ட்: எண்ணெயின் அடியில் கசடு ஏன் தங்குகிறது என்பது போன்றவை.

பிளாகரில் 'பேஜஸ்' போய் 'நியூ பேஜ்' அழுத்துங்கள். இங்கே பலரும் தவறுகிறார்கள். தலைப்பைத் தமிழில் வைத்து வெளியிட்டால் முகவரியில் வெறும் 'பிளாக்-பேஜ்' என்று விழும். முதலில் 'பிரைஸ் லிஸ்ட்' என்று ஆங்கில எழுத்தில் தலைப்பிட்டு வெளியிடுங்கள். பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள். முகவரி அப்படியே நிற்கும். போஸ்டில் இந்தச் சுற்று வேண்டாம், வெளியிடும் முன் 'கஸ்டம் பெர்மாலிங்க்' என்ற இடத்தில் நீங்களே எழுதலாம். பேஜ் தானாக மெனுவில் வராது. 'லேஅவுட்' பகுதியில் 'பேஜஸ்' கேட்ஜெட்டை (பக்கத்தில் பொருத்தும் சிறு பெட்டி) சேர்த்து அதை டிக் செய்ய வேண்டும்.

பழைய விலைப் பதிவுகளை அழிக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் செத்துவிடும். உள்ளே இருக்கும் விலையை எடுத்துவிட்டு, 'இன்றைய விலை இங்கே' என்று புதிய பேஜுக்கு இணைப்புக் கொடுங்கள்.

இன்னொன்று: பேஜில் செய்யும் திருத்தம் ஓடை (புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுசேர்க்கும் 'ஃபீட்') வழியாகப் படிப்பவர்களுக்குப் போகாது, ஓடையில் போஸ்ட் மட்டுமே வரும். விலை மாறும்போது, தொகையைக் குறிப்பிடாமல் இரண்டு வரிப் பதிவு போட்டு பேஜுக்கு இணைப்புக் கொடுங்கள்.

சொந்த டொமைன் (உங்கள் பெயரிலான இணைய முகவரி) வேண்டுமானால் ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கி பிளாகரிலேயே இணைக்கலாம். தளத்திலேயே கூடை, பணம் செலுத்தும் வசதி எல்லாம் வேண்டும் என்றால்தான் வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதில் கடை வசதி சேர்க்கும் வூகாமர்ஸ் பக்கம் போக வேண்டும். வேர்ட்பிரஸில் 'செட்டிங்ஸ்', 'ரீடிங்' போய் 'ஸ்டாடிக் பேஜ்' தேர்ந்தெடுத்தால் முகப்பில் பதிவுகளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லும் பக்கம் நிற்கும். பதிவுகளுக்கென்று வெற்றுப் பக்கம் ஒன்றை ஒதுக்குங்கள். அதில் எதை எழுதினாலும் பெரும்பாலான தீம்களில் (தளத்தின் தோற்ற வடிவமைப்புகளில்) தெரியாது. முகவரியை அங்கும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறியும் % குறி, ஆங்கில எழுத்து, எண் கலந்த 9 எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் 200 எழுத்துகளில் வெட்டிவிடும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு என்பதால் 22 குறிகளுக்குள், பெரும்பாலும் ஒரு சொல்லின் நடுவிலேயே முகவரி முடிந்துபோகும்.