மறதி நோய்க்கு மூலிகைச் சூரணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 74. அல்சைமர் என்று கண்டறிந்து ஓராண்டாக அதற்கான டோனபெசில் மாத்திரை கொடுக்கிறோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் உண்டு. உறவினர் ஒருவர் பிராமி சூரணமும் ஜின்கோ என்ற மர இலைச் சாற்று மாத்திரையும் வாங்கி வந்து, ஆங்கில மருந்துகளை நிறுத்திவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: நிறுத்தக் கூடாது. டோனபெசிலைத் திடீரென்று விட்டால் நினைவு மேலும் தடுமாறக்கூடும். ஸ்டென்ட் மாத்திரைகளை விட்டால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். உங்கள் உறவினர் இந்த இரண்டாவது விஷயத்தை யோசித்திருக்கவே மாட்டார்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஜின்கோதான். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேருக்கு, ஒரு பாதிக்கு ஜின்கோ 120 மில்லிகிராம் வீதம் தினமும் இருவேளையும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரையும் சுமார் 6 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. பலன் இப்படியிருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளோடு அதையும் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, கையில் காரணமின்றிக் கன்றிப்போன தடங்கள் உண்டா என்று இன்றே பாருங்கள்.

சூரண டப்பாவின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். முன்பக்கத்தில் "பிராமி" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அது நீர்ப்பிரமியா, வல்லாரையா என்று எங்கும் இல்லை. வடக்கே பல இடங்களில் வல்லாரையையே பிராமி என்பார்கள், ஆனால் இவை இரண்டும் வேறு வேறு செடிகள். தொகுதி எண்ணும் உற்பத்தி உரிம எண்ணும் இல்லாத டப்பாவை, உள்ளே இருப்பது எதுவானாலும், நான் வாயில் போட மாட்டேன். இணையத்தில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஒரு ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது.

நீர்ப்பிரமியைப் பற்றி நல்ல ஆய்வுகள் சில உண்டு. ஆனால் அவை சிறியவை, பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம் சில வாரங்கள் நடந்தவை. அதோடு, அதுவும் டோனபெசிலும் வயிற்றைக் கலக்கக்கூடியவை என்பதால், குமட்டல் வந்தால் எதன் வேலை என்றே தெரியாது.

மூலிகை என்பதற்காக ஒதுக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். இதே நோய்க்குத் தரப்படும் காலன்டமைன் முதலில் ஒரு பூச்செடியின் கிழங்கிலிருந்து கிடைத்ததுதான். பிரித்தெடுத்து, அளவு கண்டு, நோயாளிகளிடம் சோதித்த பிறகே மருந்தானது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மாமியாரின் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள், அவர்கள் சொல்வதை உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் மறதி வரலாம் என்பதால், அந்தப் பரிசோதனைகள் முன்பே செய்தார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வல்லாரைத் துவையல் அவருக்குப் பிடிக்குமென்றால் சாப்பாட்டோடு சிறிது வைக்கலாம்.