புரூன்ஸ் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு 68 வயது. நாள்பட்ட மலச்சிக்கல். சர்க்கரை நோயும் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து வந்த தம்பி இரண்டு பாக்கெட் புரூன்ஸ் (உலர்ந்த பிளம்ஸ் பழம்) கொண்டுவந்தான். வயிறு சுத்தமாகும், எலும்புக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? பேரீச்சை போதாதா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

வயிற்றுக்கு நல்லது என்பதை நம்புங்கள். ரத்தத்தை விட்டுவிடுங்கள். 100 கிராம் புரூன்ஸில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கறுத்த பழமெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை!

நார்ச்சத்தில் பேரீச்சையும் இளைத்ததல்ல. புரூன்ஸின் கைவரிசை சார்பிட்டால் என்ற, சர்க்கரையைப் போன்ற இனிப்புப் பொருளில் இருக்கிறது. 100 கிராமில் ஏறக்குறைய 15 கிராம். சிறுகுடல் இதை முழுதாக உறிஞ்சுவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ள, மலம் இளகுகிறது. 2011-இல் வெளியான அயோவா பல்கலைக்கழக ஆய்வில், மலச்சிக்கல் உள்ள 40 பேருக்கு மூன்று வாரம் தினம் 100 கிராம் புரூன்ஸும், இன்னொரு மூன்று வாரம் மலமிளக்கும் நார்ப்பொருளான இசப்கோலும் கொடுத்துப் பார்த்தார்கள். புரூன்ஸே முந்தியது. அளவு மீறினால் வயிற்றை உப்பவைப்பதும் இதே சார்பிட்டால்தான்.

எலும்புக்கு நல்லது என்பதும் வெறும் பேச்சல்ல. 2022-இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் தினம் 50 கிராம் வீதம் ஓராண்டு சாப்பிட்டார்கள். அவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறையவில்லை, சாப்பிடாதவர்களுக்குக் குறைந்தது. 100 கிராம் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில் பலர் பாதியிலேயே கழன்றுகொண்டார்கள். தினமும் பத்துப் பன்னிரண்டு பழத்தை யார்தான் தின்பது? டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

இனி சர்க்கரை. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு, புரூன்ஸுக்கு 30-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இது குறைவுதான். அதற்காக இனிப்பு இல்லாமல் போய்விடாது. ஐந்து பழத்தில் சுமார் 120 கலோரி. இரண்டில் தொடங்கி, ஐந்தைத் தாண்டாமல் நிறுத்துங்கள். அன்று வேறு இனிப்புப் பழம் வேண்டாம். பொட்டாசியம் மிகுதி என்பதால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது.

பாக்கெட் தீர்ந்ததும் விலை கொடுத்துத் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் கிடைக்கும் கொய்யாவில் நார்ச்சத்து தாராளமாக இருக்கிறது. அதுவரை, மெல்லச் சிரமப்பட்டால் இரவே ஊறவைத்துக் காலையில் கொடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சார்பிட்டால் அதிலும் கரைந்திருக்கும்.