பத்துக் கலன் தண்ணீரும் ஒரு பாயும்

கேள்வி: நண்பர்கள் கூடி ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதையாக ஆடும் விளையாட்டை விளையாடுகிறோம். பூசாரி வேடம் எடுத்தவன், தண்ணீர் வரவழைக்கும் மந்திரத்தால் எதிரியின் நுரையீரலை நிரப்பிக் கொன்றுவிட்டதாகச் சாதிக்கிறான். தண்ணீர் ‘திறந்த பாத்திரத்தில்’ வரும் என்றுதான் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நுரையீரலும் பாத்திரம்தானாம். மந்திரத்தை எப்படி விளங்கிக்கொள்வது?
– வாசகர், கல்லடி

பதில்: மட்டக்களப்பில் இருந்துகொண்டு மந்திரத்துக்கு என்னிடமா விளக்கம் கேட்கிறீர்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மாற்றலாகி வருபவரிடம், “கவனம், திரும்பி வரவிடாமல் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்” என்று சொல்லி அனுப்புவது பழைய வழக்கம். அப்படிச் சொல்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. பன்பாயா, பிளாஸ்ரிக் பாயா? எத்தனை முழத் தூரத்துக்குப் பலிக்கும்? ஒட்டியவர் பாயையும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினால் டிக்கெட் ஒன்றா, இரண்டா? ஒருவரும் வாய் திறப்பதில்லை. வந்தவர் இங்கே பெண்ணெடுத்தார், சீதனமாக வயல் கிடைத்தது, எருமைத் தயிர் நாக்கில் ஒட்டியது. திரும்பிப் போக மனமில்லை. தாய்க்குக் கடிதத்தில் எழுத ஒரு காரணம் வேண்டுமே, பாய் அகப்பட்டது. பழி எங்களுக்கு.

சரி, உங்கள் பூசாரிக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு விதிப் புத்தகத்தில் அது 1ஆம் நிலை மந்திரம். பத்துக் கலன், ஏறக்குறைய 38 லீற்றர் தண்ணீர் தரும். ஒரே சொல்லில் ஆளைச் சாய்க்கும் மந்திரமும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அது 9ஆம் நிலை, ஆக உயர்ந்தது. எதிரிக்கு 100 உயிர்ப்புள்ளிக்கு மேல் இருந்தால் அதுவும் பலிக்காது. நேற்று வந்த பூசாரி தண்ணீர் வார்த்தே அந்த வேலையை முடித்துவிடலாம் என்றால், மந்திரவாதி 17ஆம் படி வரை ஏறி அதை ஏன் கற்கவேண்டும்? பாத்திரம் எது என்று புத்தகம் வரையறுக்கவில்லை, உண்மைதான். அப்படியான இடத்தில் மந்திரத்தின் நிலையைப் பார்த்துத்தான் அதன் வலுவை அளக்கவேண்டும். கோயிலில் பூசை செய்யும் எங்கள் கட்டாடியாரும் கும்பத்துக்குத்தான் தண்ணீர் வார்ப்பார், அடியாரின் நெஞ்சுக்குள் அல்ல. தவிரவும், எதிரி வாயை இறுக மூடிக்கொண்டால் அது எப்படித் திறந்த பாத்திரம்? உங்கள் பூசாரித் தம்பியிடம் கேளுங்கள்.

இத்தகைய வழக்குகளுக்கென்றே ‘டிராகன்’ என்ற அமெரிக்க இதழ் 1979இல் ஒரு கேள்வி-பதில் பகுதி தொடங்கியது. மந்திரம் யார்மேல் பலிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். கொடுத்துவைத்த ஆசிரியர்கள்! எனக்கு வரும் கடிதங்களில் பாதி, நடிகைக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்பவை. அடுத்த கேள்வியும் அதுதான். பதில் சொல்லமாட்டேன்.