6,000 ரூபாயில் டிரெஸ்ஸிங் ரூம்: வாடகை வீட்டு ஸ்டோர் ரூமை மாற்றுவது எப்படி?

கேள்வி: நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், தவழ ஆரம்பித்திருக்கும் 8 மாதக் குழந்தை. படுக்கையறையை ஒட்டி 7 அடிக்கு 5 அடியில் ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. கதவருகே இடது சுவரில் 3 அடி நீளத்துக்குக் கடப்பா கல் தட்டுகள், மேலே பரண், கோடியில் கிரில் போட்ட சின்ன ஜன்னல். இதை டிரெஸ்ஸிங் ரூமாக மாற்ற ஆசை. கையில் இருப்பது 6,000 ரூபாய். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். முன்பு வாங்கிய ரெடிமேட் ஷெல்ஃப் போன டிசம்பர் மழையில் ஊதிப் போய்விட்டது. பட்டுச் சேலைகளிலும் பூஞ்சை வாடை. அழகாகவும் இருக்க வேண்டும், துணியும் கெடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சுவரிலிருந்து தொடங்குங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.

சென்னையில் துணி வைக்கும் அறைக்கு முதல் எதிரி இடப் பற்றாக்குறை அல்ல, ஈரம்தான். கடற்காற்று வருடம் முழுக்க ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் கூடுகிறது. உங்கள் ஷெல்ஃப் ஊதியதும் சேலையில் வாடை வந்ததும் ஒரே காரணத்தால்தான். இதைச் சரி செய்யாமல் எத்தனை அழகான தட்டு வைத்தாலும் அடுத்த மழையில் மறுபடி இதே கேள்வியைத்தான் கேட்பீர்கள்.

சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் ஒரு அடிச் சதுரம் வெட்டி, வெளிப்பக்கச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் ஈரமாக இருந்தால் சுவரே தண்ணீர் குடிக்கிறது என்று பொருள். வெளிப்பக்கம், பரணுக்கு மேல்பக்கம், பக்கத்துக் குளியலறைக் குழாய் என்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்து வீட்டுக்காரர்தான் சரி செய்ய வேண்டும். அதுவரை அந்தச் சுவரோரம் எதையும் வைக்காதீர்கள். நம் பக்கம் தெரியும் முகத்தில் மட்டும் நீர்த்துளி இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். அதற்குச் செலவே இல்லை. ஜன்னல் வெயில் நேரத்தில் திறந்திருக்கட்டும், கதவை மூடி வைக்காதீர்கள், மழை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரம் டேபிள் ஃபேனை அறைக்குள் திருப்பி வையுங்கள். எந்தத் துணியும் சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பலர் இந்த மாதிரிச் சுவரில் வால்பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், எடுக்கும்போது பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். அட்வான்ஸில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு நாமே காரணம் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

சரி, சுவர் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கண்ணாடி. இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. முழு உருவம் தெரிய ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்று நினைத்து 6 அடிக் கண்ணாடி வாங்குகிறார்கள். ஒளி கண்ணாடியில் பட்ட கோணத்திலேயே திரும்புவதால், நம் உயரத்தில் பாதி இருந்தாலே தலை முதல் கால் வரை தெரியும். எவ்வளவு தள்ளி நின்றாலும் இதுதான் கணக்கு. மாட்டும் உயரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கண்ணாடியின் கீழ் விளிம்பு, தரையிலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தில் பாதியில் வர வேண்டும். நீங்கள் 5 அடி 4 அங்குலம், கணவர் 5 அடி 8 அங்குலம் என்றால், தரையிலிருந்து 30 அங்குலத்தில் தொடங்கி 66 அங்குலத்தில் முடியும் 3 அடிக் கண்ணாடி இருவருக்கும் போதும். அகலம் ஒன்றரை அடி. பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அளவு சொன்னால் வெட்டி, ஓரம் தேய்த்துக் கொடுப்பார்கள். 4 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள்.

அதை 2 அடிக்கு மூன்றரை அடியில் வெட்டிய 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் மிஞ்சும், அது விளக்குக்கு. ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை: வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும். என் வீட்டுக் கண்ணாடியை அப்படி ஒட்டி, ஒரு வருடத்துக்குள் கறுப்புத் திட்டு வந்து, எடுத்துப் போட்டேன். கடையில் நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். பின்னால் பலகை இருப்பதில் இன்னொரு நன்மை, கண்ணாடி விரிசல் விட்டாலும் சில்லுகள் பெரும்பாலும் பலகையிலேயே ஒட்டி நிற்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைக்கும் பேச்சே வேண்டாம்.

இதை மாட்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி, வீட்டுக்காரரிடம் நேரில் கேட்பதுதான். சுவர் முழுக்க ஆணி அடிப்பார்கள் என்ற பயத்தில்தான் பலர் முடியாது என்கிறார்கள். "இரண்டே இரண்டு ஓட்டை, டிரில் போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறோம், காலி செய்யும்போது பட்டி பூசித் தருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் இடது சுவரில், கல் தட்டுகள் முடிந்து ஜன்னல் வரும் பக்கம் மாட்டுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழும், சேலையின் உண்மையான நிறம் தெரியும். அவர் மறுத்தால் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் பட்டையான இரும்புக் கொக்கிகள் இரண்டில், கதவின் உள்பக்கம் தொங்கவிடலாம். பலகையோடு சேர்த்து 10 கிலோவாவது வரும், அந்த எடை தாங்கும் கொக்கியாக வாங்குங்கள். அப்போது ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும், அதனால் விளக்கு கட்டாயம்.

விளக்கு தலைக்கு மேலே ஒன்று மட்டும் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், வயது கூடித் தெரியும். முகத்தின் இரு பக்கமும் வெளிச்சம் வர வேண்டும். ரிச்சி தெருவில் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் 2 மீட்டர், அதற்கேற்ற அடாப்டர், மேலே பால்நிற மூடி போட்ட அலுமினிய சேனல் வாங்கிப் பலகையின் இரு ஓரத்திலும் ஒட்டிவிடுங்கள். நிறம் 4,000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது எண் குறைந்தால் மெரூன் பழுப்பாகத் தெரியும். அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் போதும், புது ஒயரிங் தேவையில்லை. ஒயர் குழந்தையின் கைக்கு எட்டாமல் மேலே போகட்டும்.

இனி தொங்கவிடும் இடம். சுவருக்குச் சுவர் முட்டுக்கொடுத்து நிற்கும் ஸ்பிரிங் ராடு திரைச்சீலைக்குச் சரி, ஜீன்ஸும் சல்வாரும் மாட்டினால் ஒரு நாள் இரவில் மொத்தமாகச் சரியும். அதற்குப் பதில் புத்தக ரேக் செய்யும் ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டகம் செய்துகொள்ளுங்கள். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 20 அங்குல ஆழம். ரேக் கடையில் அளவுக்கு வெட்டி நட்டு போல்ட்டோடு தருவார்கள், ஸ்பேனர் இருந்தால் நீங்களே ஒரு மதியத்தில் முடுக்கிவிடலாம். குறுக்கே ஒரு அங்குல எஸ்.எஸ். பைப்: ஒரு பாதியில் 80 அங்குலத்திலும் 40 அங்குலத்திலும் இரண்டு வரிசை, மறு பாதியில் உயரத்தில் ஒன்று மட்டும். சட்டை, குர்த்தி, மடித்துப் போட்ட சேலை எல்லாவற்றுக்கும் 40 அங்குலம் போதும், நீளமான அனார்கலிக்கும் வேட்டிக்கும் மற்ற பாதி. வெட்டிய முனைகளில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து அதன் மேல் எனாமல் பூசுங்கள், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே துரு பிடித்து வெள்ளைச் சட்டையில் கறையாகும். கால்களுக்கு ரப்பர் புஷ்.

இந்தச் சட்டகத்தை வலது சுவரோடு, ஜன்னல் மூலையில் நிறுத்தச் சொல்கிறேன். காரணம் உங்கள் ஜன்னல் கிரில். மேலே ஒரு இடம், நடுவில் ஒரு இடம் என்று கட்டுக்கம்பியால் கிரில்லோடு முறுக்கிக் கட்டிவிடுங்கள். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை முதலில் பிடிப்பது இந்த மாதிரிக் கம்பியைத்தான். கட்டாத ரேக் குழந்தை மேல் சாயும். சுவரில் ஒரு ஆணி இல்லாமல் இதைத் தடுக்க கிரில் போதும். சட்டகத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே 40 அங்குலம் கிடைக்கும், சேலை கட்ட அது தாராளம்.

கடப்பா கல் தட்டுகளை மதியுங்கள், இன்றைக்கு அப்படி ஒன்று போட எவ்வளவு செலவாகும்! கரையான் அரிக்காது, ஊதாது. ஒரே குறை, தட்டுக்குத் தட்டு உயரம் அதிகம், அடுக்கு சரியும். பிளைவுட் கடையில் மிஞ்சிய துண்டுகளில் ஒரு அடி அகலத்தில், 8 அங்குலக் கால் வைத்து, பூஜையறை மணைப் பலகை மாதிரி இரண்டு செய்து தட்டுக்குள் வைத்தால் ஒரு தட்டு இரண்டாகும். ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் கேளுங்கள். உப்புத்தாள் தேய்த்து, முக்கியமாக வெட்டிய ஓரங்களில், இரண்டு கை பிரைமர் அடியுங்கள். பலகை தண்ணீர் குடிப்பது அந்த ஓரம் வழியாகத்தான்.

தட்டில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். காகிதமும் கஞ்சியும் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. அதே காரணத்தால், மாதக் கணக்கில் கட்டாமல் வைக்கப்போகும் காட்டன் சேலையைக் கஞ்சியில்லாமல் அலசி வையுங்கள். துவைத்த வெள்ளைத் துணி விரிப்பே நல்லது.

பட்டுச் சேலைக்கு வருவோம். கடை கொடுத்த பிளாஸ்டிக் கவரிலிருந்து முதலில் வெளியே எடுங்கள், ஈரம் உள்ளே சிக்கிக்கொள்வதால்தான் அந்த வாடை. நிழலில், காற்றில் ஒரு நாள் விரித்துப் போடுங்கள், நேர் வெயில் வேண்டாம். பழைய 8 முழ வேட்டி ஒன்றை நான்காகக் கிழித்தால் நான்கு சேலைகளைச் சுற்றி வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேயே முறியும். அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது, கந்தகம் பட்டால் கறுக்கும், ரப்பரில் கந்தகம் உண்டு, அதனால் சேலையைக் கட்ட ரப்பர் பேண்டு கூடாது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கும்வரை அந்துருண்டை வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வாயில் போட்டால் எந்தக் குழந்தைக்கும் ஆபத்து. பாட்டிமார் வைத்த வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி, சேலையில் நேரடியாகப் படாமல், கைக்கு எட்டாத தட்டின் மூலையில் வையுங்கள்.

அழகுக்கு உங்களிடம் ஏற்கெனவே பொருள் இருக்கும். கட்டாமல் கிடக்கும் சுங்குடிச் சேலை ஒன்றை நீளத்தின் பாதியில் குறுக்கே இரண்டாக வெட்டி மேலே தைத்தால், கல் தட்டுகளுக்கு ஒரு திரை, சட்டகத்துக்கு ஒரு திரை. இரண்டும் ஒரே நிறமாக இருப்பதால் அறை கலையாமல் தெரியும். சேலை வெட்ட மனம் வராவிட்டால் எழும்பூர் பாந்தியன் சாலையில் காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் இடத்தில் திரைத் துணி மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். மெல்லிய காட்டனாக இருக்கட்டும், காற்று போக வேண்டும். அழுக்குத் துணிக்கும் குழந்தைத் துணிக்கும் வயர் கூடை போல் சிறந்தது இல்லை. பனை ஓலையும் கோரையும் பார்க்க அழகுதான், ஆனால் மழையில் பூஞ்சை பிடிக்கும். பழைய போட்டோ ஃபிரேமில் கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டினால் கம்மல், ஜிமிக்கி மாட்டும் தட்டி தயார். பொட்டு, ஊக்கு, ஹேர்பின்னுக்கு ஒரு பழைய அஞ்சறைப் பெட்டி. மூடி இறுக்கமாக இருக்கும், திறந்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இரண்டையும் உங்கள் தோள் உயரத்துக்கு மேலுள்ள தட்டில் வையுங்கள்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன்: சட்டகத்துக்கும் பைப்புக்கும் 2,800, கண்ணாடிக்கும் பலகைக்கும் 1,400, விளக்குக்கு 900, பெயின்ட், பிரைமர், துண்டுப் பலகைக்கு 600, திரை தைக்கக் கம்பியோடு 300. கை மீறினால் விளக்கைத் தள்ளிப் போடுங்கள், சட்டகத்தில் மட்டும் மெல்லிய ஆங்கிள் வாங்காதீர்கள்.

ஊதிப் போன அந்த ஷெல்ஃப் பற்றி. அது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருக்கும். ஊதியது காய்ந்தாலும் பழையபடி ஆகாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. பூஞ்சை படிந்திருந்தால் துணி அறையில் வைக்காமல் அப்புறப்படுத்துங்கள். ஊதாத பலகை ஏதாவது மிஞ்சினால், பரணில் சூட்கேஸ்களுக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம்.