நம்ப முடியாத மெயில் மென்பொருளை விட்டு மாறலாமா?

கேள்வி: கணினியில் உள்ள மெயில் மென்பொருள் அடிக்கடி மக்கர் செய்கிறது. வேறொன்றுக்கு மாறினால் பல வருடத்து மெயில்கள் போய்விடுமா?

தாராளமாக மாறுங்கள். எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் ஒரு மெயில்கூடப் போகாது.

திருப்பூரில் சில பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி கடைசி. பில்கள் மெயிலில்தான் வரும். முன்பு வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். திறக்க நேரமாகும், பாதியில் அப்படியே நின்றுவிடும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அனுப்பிய மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும், ஓர் எச்சரிக்கைகூட வராது. பார்ட்டி கூப்பிட்டு “பில் அனுப்பி ரெண்டு நாளாச்சே சார்” என்பார். கணினியில் இருக்காது, போனில் திறந்தால் இருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தால் மெயில் எதற்கு? அன்றைக்கே மாற முடிவெடுத்துவிட்டேன்.

சர்வரிலிருந்து மெயிலை எடுக்க பாப் (POP), ஐமேப் (IMAP) என்று இரண்டு முறைகள் உண்டு. உங்களுடையது எது என்று பாருங்கள். கணக்கு அமைப்பில் உள்வரும் சர்வரின் போர்ட் எண் 110 அல்லது 995 என்றால் பாப், 143 அல்லது 993 என்றால் ஐமேப். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, மென்பொருள் வெறும் ஜன்னல்தான். புதியதில் கணக்கைச் சேர்த்ததும் எல்லாம் வந்துவிடும். பிரவுசரில் உள்ளே போய்ப் பழைய மெயில்கள் தெரிகின்றனவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாப் என்றால்தான் வேலை. அது மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடியது. அப்படியானால் பழைய மெயில்களுக்கு உங்கள் கணினியை விட்டால் வேறு இடம் கிடையாது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. பழைய மென்பொருளிலேயே ஜிமெயில் போன்ற ஓர் ஐமேப் கணக்கைச் சேர்த்து, ஃபோல்டர்களை அதற்குள் இழுத்துப் போட்டேன். மொத்தமாக இழுக்காமல் வருடவாரியாகச் செய்யுங்கள், நடுவில் நின்றாலும் எதுவரை போனது என்று தெரியும். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி, அதையும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்ளும். மெயிலுக்குள் அட்டாச்மென்ட் அதன் அசல் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான் மாறியது தண்டர்பேர்டுக்கு. 2004இலிருந்து இருக்கிறது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. எனக்குப் பிடித்த காரணம் வேறு. அது மெயில்களை எம்பாக்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் வைக்கிறது. நாளைக்கு அதுவும் சரியில்லை என்றால் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஒரு விஷயம், மெயிலை அழித்தாலும் அந்தக் கோப்பு உடனே சுருங்காது. ஃபோல்டரைச் சுருக்கட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும், பாஸ்வேர்டை அங்கேதான் கொடுக்க வேண்டும்.

பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டும் பாப்பில் ஓடினால், “சர்வரில் ஒரு நகல் வைத்திரு” என்பதை இரண்டிலும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பாதி மெயில் இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும். மெயில்களைப் பிரித்துப் போடும் வடிகட்டி விதிகளும் கையெழுத்துப் பகுதியும் தானாக வராது, புதிதாகப் போட வேண்டும். முகவரிப் பட்டியலை சிஎஸ்வி (CSV) என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொண்டு போகலாம்.

அப்புறம், வேலை நெருக்கும் நாட்களில் இதைத் தொடாதீர்கள். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திரப் படிவத்தின் தாக்கல் முடிந்த பிறகுதான் நான் ஆரம்பித்தேன்.