சாக்லேட் பயிலரங்குக்கு மகளை அனுப்பலாமா? தேவகோட்டையிலிருந்து ஒரு தகப்பனாரின் கேள்வி

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த மகள் கோயம்புத்தூரில் நடக்கும் இரண்டு நாள் சாக்லேட் பயிலரங்குக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்பினால் இன்ஜினியரிங் கவுன்சலிங்கை விட்டுவிடுவாளோ என்பது உங்கள் கவலை. அனுப்புங்கள். கவுன்சலிங்குக்கும் விண்ணப்பித்து வையுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

இரண்டு நாளில் தொழில் கைவராது. ஆனால் இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நான்கு வருடப் படிப்பில் சேர்ந்து, பணம் கட்டிய பிறகு அது தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல்.

பணம் கட்டும் முன் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "டெம்பரிங் சொல்லித் தருவீர்களா, இல்லை காம்பவுண்ட் சாக்லேட் மட்டும்தானா?" காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி அச்சில் ஊற்றினால் போதும், தானாக இறுகிவிடும். அதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், ஊர் விட்டு ஊர் போக வேண்டாம்.

அசல் சாக்லேட்டின் குணமே வேறு. டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, விடாமல் கிளறி 27, 28 டிகிரிக்கு இறக்கி, மறுபடி 31, 32 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். இதற்குத்தான் டெம்பரிங் என்று பெயர். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஒன்றுதான் அந்த மினுமினுப்பையும், உடைக்கும்போது 'டக்' என்று வரும் சத்தத்தையும் தருகிறது. கத்தி நுனியில் கொஞ்சம் தோய்த்து வைத்தால் சில நிமிடங்களில் பளபளவென்று இறுக வேண்டும். மங்கலாகவோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டிக்கொள்ளும். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கும் ஆச்சிகளின் பொறுமை இதற்கும் வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தாலும் கண்ணும் கையும் பழக வேண்டும்.

கோகோ கொட்டையிலிருந்தே தொடங்கும் பயிலரங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. பழத்தை உடைத்து, சதையோடு ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, கல் இயந்திரத்தில் ஒரு நாளுக்கு மேல் அரைக்கிறார்கள். வெளிநாடுகளில் சிறிய அளவில் சாக்லேட் தயாரிப்பவர்கள் பலர் பயன்படுத்தும் அரவை இயந்திரம் நம் வெட் கிரைண்டரின் வழியில் வந்ததுதான். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு வேதியியல் பாடம் எதற்கு என்பது புரியும்.

மகள் திரும்பி வந்ததும் சாக்லேட் பெட்டியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். எந்தத் தடவை சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். "மேலே வெள்ளை படிந்துவிட்டது, நான் சீக்கிரம் ஆறவிடவில்லை" என்று விளக்கம் சொன்னால் ஆர்வம் உண்மையானது. படங்களை மட்டும் காட்டினால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். பாத்திரம் கழுவியது, மேடை துடைத்தது பற்றியும் கேளுங்கள். இந்தத் தொழிலில் பாதி நேரம் அதற்கே போகும்.

ஆர்வம் உண்மை என்று தெரிந்தால் படிப்புக்கு வழி இருக்கிறது. கணிதம் எடுத்துப் படித்திருந்தால் தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம், அதற்கு ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் உணவுத் தொழில்நுட்பம் உண்டு. சமையலறைப் பக்கம் மனம் போனால் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனங்கள் இருக்கின்றன. இன்ஜினியரிங்கே கிடைத்து அதில் சேர்ந்தாலும் நஷ்டமில்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கும் உணவுத் தொழிற்சாலைகளில் இடம் உண்டு.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்பேன். பயிலரங்கு முடிந்த கையோடு வீட்டில் கடை தொடங்க விடாதீர்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் பக்கத்துச் சித்திரை வெயில் அதைத் தாண்டும். ஏசி அறை, ஈரப்பதக் கட்டுப்பாடு, வெயில் காலத்தில் பார்சல் அனுப்பும் செலவு, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு என்று கணக்கு நீளும். இங்கே சந்தை இல்லாமல் இல்லை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தங்கும் விடுதிகளாகிவிட்ட பெரிய வீடுகள் இருக்கின்றன. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். படித்துவிட்டு, ஓரிரு வருடம் வேறிடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வந்தால் உங்கள் மகளால் இவர்களோடு தைரியமாக விலை பேச முடியும்.

தனியாக அனுப்பத் தயக்கமாக இருந்தால் வீட்டில் யாராவது கூடப் போகலாம், தவறில்லை. பயிலரங்கு நடக்கும் அறைக்குள் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்த வாரமே இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள். மகள் அங்கே எழுதிய நோட்டையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் கையோடு எடுத்து வாருங்கள்.